வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடம்

மகனே,

உன் கட்டுரையைப் படித்து முடித்துவிட்டேன். முல்லைத்தீவு நகரில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்தேன். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கமாகப் படித்ததில் ஒரு கிழமை, ஏழு நாளுக்கு மேல் ஆயிற்று. ஆங்கிலப் பிழைகள் பதினொன்று கண்டேன். சிவப்புப் பென்சிலால் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு பேர் பார்த்த பிறகும் பதினொரு பிழை இருந்தால் அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவை சின்னப் பிழைகள். நான்காம் பக்கத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அது மொழிப் பிழை அல்ல. அதைச் செய்ததும் நீ அல்ல. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சொரியாசிஸ் என்ற தோல் நோயைப் பற்றி, நம் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு ஆய்வு வெளிவந்திருக்கிறது, அது வருடத்துக்கு வருடம் எப்படி மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாய். நோயாளிகளை எண்ணவில்லை. நோயைப் பற்றி எழுதியவர்களை எண்ணியிருக்கிறாய். இதற்கு ஒரு படிப்பா என்று முதலில் நினைத்தேன். பிறகு வரைபடங்களைப் பார்த்தேன். அதிகம் எழுதப்பட்ட இடம் கடும் நீலம், குறைவாக எழுதப்பட்ட இடம் இளம் நீலம். பத்துப் பத்து வருடமாக மூன்று படங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது பெரிய நகரங்களைச் சுற்றி நீலம் பரவிக்கொண்டு போகிறது. கண்ணாடியை வைத்து எங்கள் இடத்தைத் தேடினேன். வவுனியாவுக்கு மேலே கடற்கரை வரைக்கும் மூன்று படத்திலும் வெள்ளை. அதற்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய்: இப்பகுதியிலிருந்து ஆய்வு எதுவும் இல்லாதது, இங்கே இந்த நோய் அரிதாக இருப்பதைக் காட்டலாம் என்று.

காட்டாது, மகனே.

மாசி மாதம் நீ தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கும். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, ஒண்டு கேக்கவேணும். எங்கட குடும்பத்தில ஆருக்கும் தோல் வருத்தம் இருந்ததோ? அப்பாக்கு, அப்பப்பாக்கு?”

“ஏன் கேக்கிறாய்?”

“சும்மா. ஆய்வுக்குத்தான்.”

“இல்லை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா.”

“யோசிக்க என்ன கிடக்கு? இல்லையெண்டால் இல்லை.”

நீ வேறு கதைக்குப் போய்விட்டாய். நான் மீனைக் கழுவினேன், சமைத்தேன், சாப்பிடவில்லை. எழுபத்துநான்கு வயதில், கேட்டவுடன் யோசிக்காமல் பொய் சொல்ல எனக்கு முடிந்தது. அது பழகிய பொய். உன் அப்பாவுக்கு அந்த நோய் இருந்தது. நான் அவரை மணந்த நாளில் இருந்தது. அவரைப் பெட்டியில் வைத்த நாளிலும் இருந்தது.

இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது உன்னிடம் மட்டும் அல்ல. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவள் நான். கரும்பலகையில் விட்ட பிழையைப் பிள்ளையின் காதுக்குள் சொல்லித் திருத்த முடியாது, கரும்பலகையிலேயே அழித்து எழுத வேண்டும். ஆகவே எங்கள் தேவாலயப் பங்கின் திருவிழா மலருக்கு இதைக் கொடுக்க நினைத்திருக்கிறேன். உனக்கு முதலில் அனுப்புகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள்தான் நான் அவருடைய முதுகைப் பார்த்தேன். முழங்கை, முழங்கால், முதுகின் கீழ்ப்பக்கம் எல்லாம் சிவந்து தடித்து, மேலே மீன் செதில் போல வெள்ளையாக உதிர்ந்தது. மாமி வெயில் கொப்பளம் என்றார். நான் அவரைக் கேட்டேன்.

“அம்மா உங்கட ஆக்களுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன்” என்றார்.

“உங்களுக்கு வாய் இல்லையோ?”

என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு செய்தவற்றில் இல்லை. ஏமாற்றப்பட்டவள் நான் என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, மாமி சில மாதம் மறைத்ததை நான் முப்பத்துமூன்று வருடம் மறைத்தேன்.

கன்னியர்கள் நடத்திய கொன்வென்ற்றில் படித்தபோது நான் வகுப்புத் தலைவி. காலையில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் நகத்தையும் கையையும் பார்ப்பது என் வேலை. ஒரு பிள்ளையின் மணிக்கட்டில் படை இருந்தது. நான் போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவளைத் தனி வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. என்னைக் கெட்டிக்காரி என்று பாராட்டினார்கள். தோலில் ஒன்று வந்தால் மனிதருக்கு என்ன நடக்கும் என்பதை நான் அந்த வாங்கைப் பார்த்துத்தான் படித்திருந்தேன். அந்த வாங்கில் என் புருஷனை ஒருவரும் இருத்தக் கூடாது என்று நினைத்தேன். இருத்தியது நான்தான்.

அவர் அதுவரை கடற்கரையில் வெறும் மேலோடு நின்று வள்ளத்து எஞ்சின் திருத்தியவர். வேலை முடிந்ததும் கடலில் விழுந்து குளிப்பவர். தொழிலாளிகளுக்கு அவருடைய முதுகு பழகியிருந்தது, ஒருவரும் கேட்டதில்லை. நான் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அவரைக் கடலில் குளிக்க விடாமல் நிறுத்தினேன். கரையில் நிற்பவர்கள் விடுவார்களா?

“என்ன துரை, எஞ்சினுக்கு முன்னால முழுக்கையோட நிக்கிறியள்? பிஷப் வாறாரோ?”

“என்ரை மனுசி கொன்வென்ற் அல்லோ. இனி எஞ்சினும் மரியாதையாய்த்தான் ஸ்டார்ட் ஆகவேணும்” என்பார்.

சாகும் வரை துரை என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவருக்குப் பட்டம் அல்ல, நான் போட்ட விலங்கு. அவர் அதைப் பகிடியாக்கி என்னைக் காப்பாற்றினார்.

உனக்கு ஐந்து வயதிருக்கும். கடற்கரையில் மற்றப் பிள்ளைகளைத் தகப்பன்மார் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, “அப்பாக்கு என்னைப் பிடிக்காதோ?” என்று கேட்டாய். அவருக்கு வேலை என்றேன். அவருக்கு வேலை இல்லை, மகனே. உன்னைத் தூக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவருக்குத் துடைக்கத் தனித் துவாய், குளிக்கத் தனிச் சவர்க்காரம், படுக்கத் தனிப் பாய். நீ தூங்கிய பிறகு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் இறுகிய மனிதர் என்று நீ இன்றும் சொல்கிறாய். அந்த இறுக்கத்தை அவருக்குத் தைத்துக் கொடுத்தவளும் நான்தான்.

சண்டைக்கு இடையில் பாதை திறந்திருந்த காலத்தில் வைத்தியத்துக்குப் போனோம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அங்கே எல்லோருக்கும் எங்களைத் தெரியும். விடியப் புறப்பட்டு, பஸ் மாறி, கனகராயன்குளத்தில் தேத்தண்ணி குடித்து, வவுனியாவுக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் நோயாளித் துண்டு எழுதுபவர் விலாசம் கேட்டபோது என் சித்தி வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். ஆகவே அங்கே ஏதாவது பதிவு இருந்தால், அவர் வவுனியா நகரத்து நோயாளி. உன் வரைபடத்தில் வெள்ளையாய்க் கிடக்கும் கடற்கரையிலிருந்து அப்படி ஒருவர் போகவே இல்லை.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர். அப்பாவின் முதுகைக் கையுறை போடாமல் தொட்டுப் பார்த்தா. நான் கதிரையைப் பின்னால் இழுத்தேன்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. இது தொத்தாது. குட்டமும் இல்லை. இதுக்குப் பேர் சொரியாசிஸ். மாறிப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். ஐயாவுக்குக் கொஞ்சம் வெயில் பட்டால் நல்லம். கடல் பக்கம் எண்டால் கடல்லயும் குளிக்கலாம்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டொக்டரிடம், “கிளினிக் கொப்பியில அலர்ஜி எண்டு எழுதிவிடுங்கோ” என்றேன்.

“இல்லாத வருத்தத்தை எழுதேலாது அம்மா. பிள்ளையள் இருக்கோ? சில குடும்பத்தில பிள்ளையளுக்கும் வாறது. அவைக்குச் சொல்லி வையுங்கோ.”

பெரிய ஆங்கில எழுத்தில் நோயின் பெயரை எழுதிக் கோடும் கீறினா. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். புதுக் கொப்பி வாங்கி, மருந்துகளை மட்டும் என் கையால் வரிசையாக எழுதினேன். அடுத்த முறை வேறொரு டொக்டர் அதைப் பார்த்து, எந்த நேர்ஸ் இவ்வளவு வடிவாக எழுதியது என்று கேட்டார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இப்போது அதை எழுதும்போது கை கூசுகிறது. தொற்றாது என்று கேட்ட பிறகும் துவாயைத் தனியாகத்தான் வைத்தேன். உனக்குச் சொல்லி வைக்கும்படி அவ சொன்னதை உனக்குச் சொல்லவில்லை.

சித்த வைத்தியர் ஒருவர் கொடுத்த எண்ணெயும் பூசினோம். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதாவாக மாறும். தலையணை உறையெல்லாம் ஊதாக் கறை. தோய்த்து வெளிக்கொடியில் போட மாட்டேன், அறைக்குள்தான் காயப்போடுவேன். தவக்காலத்தில் கோயிலில் போடும் ஊதாத் துணியை நினைத்து, “இந்த வீட்டில வருசம் முழுக்கத் தவக்காலம்தான்” என்று அவர் சிரிப்பார். நான் சிரித்ததில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. நீ அப்போது கொழும்பில் கம்பஸில் இருந்தாய். சண்டை எல்லாம் முடிந்து எங்களை முகாமில் விட்டிருந்தார்கள். அங்கே தண்ணீர் வரும் நேரத்தில் ஆண்கள் வெளியில் நின்றுதான் குளிக்க வேண்டும். சட்டையோடு எத்தனை நாள் குளிப்பது? இடம்பெயர்ந்த மாதங்களில் மருந்தில்லாமல் அவருக்கு முதுகு முழுவதும் பரவியிருந்தது. ஒரு நாள் பக்கத்துக் கூடாரத்துப் பெண் வந்தா. மூன்று சின்னப் பிள்ளைகளின் தாய்.

“ரீச்சர், குறை நினையாதேங்கோ. அண்ணையின்ரை முதுகில என்ன? ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம். பிள்ளையள் படுக்கிற இடம்.”

தொற்றாது என்று சொல்ல எனக்குத் தெரியும். பெயரும் தெரியும். அவவுக்கு விளங்கப்படுத்தவும் எனக்குப் படிப்பு இருந்தது. நான் சொன்னது இதுதான்: “செல் விழுந்து வெடிச்சு எரிஞ்சது.”

அவவின் முகம் மாறிவிட்டது. “ஐயோ, தெரியாமல் கேட்டிட்டன்” என்று சொல்லிப் போய், தன் பிள்ளைக்குப் பூச வைத்திருந்த பவுடர் பேணியைக் கொண்டுவந்து தந்தா. அங்கே காயத்துக்கு மரியாதை இருந்தது, மகனே. காயம் எல்லோர் வீட்டிலும் இருந்தது. நோய்க்குத்தான் இடமில்லை. அடுத்த கிழமை பதிவுப் படிவம் வந்தபோது, கூடாரத்துக்கு வெளியே எல்லோரும் கேட்கக் கேட்க, உடலில் உள்ள அடையாளம் என்ற இடத்தில் எரிகாயம் என்று எழுதினேன். அவர் பக்கத்தில் நின்றார். “அப்பிடியோ எழுதுறீர்?” என்று மட்டும் கேட்டார். “பேசாமல் நில்லுங்கோ” என்றேன்.

அந்தக் காலத்தில் காயம் உள்ள ஆணைச் சண்டையில் நின்றவன் என்று சந்தேகிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவருக்கு அறுபதாகப் போகிறது, யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்டார்கள். காயம் உள்ளவர்களின் பெயரை வாசித்து இராணுவத்தினர் கூட்டிக்கொண்டு போனபோது அவருடைய பெயரையும் வாசித்தார்கள். விசாரணைக்குப் போய் வந்தார் என்று உனக்கு ஒரு வரியில் எழுதியிருந்தேன். எல்லா வீட்டிலும் நடந்ததுதான் என்று நீயும் விட்டுவிட்டாய். பதினெட்டு நாள். திரும்பி வந்தபோது உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை செதில் வெடித்து நீர் வடிந்தது. விரல்களை மடக்க முடியவில்லை.

தேங்காயெண்ணெய் வாங்கிப் பூசிக்கொண்டு கேட்டேன். “வருத்தம் எண்டு சொல்லியிருந்தால் ஒரு டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பினம். ஒரு நாளில விட்டிருப்பினம். ஏன் சொல்லேல்லை?”

“எங்க காயப்பட்டது, எப்ப காயப்பட்டது எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவை. நான் செல் எண்டன்.”

“ஏனெண்டுதான் கேக்கிறன்.”

“நீர் எழுதிக் குடுத்திட்டீர். நான் மாத்திச் சொன்னால் நீர் பொய் சொன்ன ஆளாய்ப் போயிடுவீர் அல்லோ.”

அவர் குற்றம் சாட்டவில்லை. வெயிலாய் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் குரல்தான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடத்திலும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் பிழை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குப் பிறருடைய பிழையைத் திருத்தத்தான் பழக்கம்.

அவர் இறந்தபோது கோட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டு, கைகளுக்கு வெள்ளை உறை மாட்டிச் செபமாலையைச் சுற்றிவிட்டேன். எங்கள் ஆட்களில் உறை மாட்டுவது வழமைதானே, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ வந்து குனிந்து அவருடைய கையை முத்தமிட்டாய். நீ முத்தமிட்டது உறையை. பிறந்த நாளிலிருந்து அந்தக் கையை உன்னிடமிருந்து விலக்கி வைத்தவள், கடைசியிலும் இடையில் ஒரு துணியைப் போட்டேன்.

இப்போது உன் நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். ஆய்வு இல்லாத இடத்தில் நோய் இல்லை என்று எழுதாதே. சித்தி வீட்டு விலாசம், கிழித்த பக்கம், படிவத்தில் எரிகாயம், தொலைபேசியில் நான் சொன்ன இல்லை, இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த வெள்ளை. வைத்தியர் இல்லை, பாதை இல்லை, சண்டை என்று நீ வேறு காரணங்களும் கண்டுபிடிப்பாய். அவையும் உண்மைதான். ஆனால் என்னைத் தெரியாமல் அந்தக் கணக்குச் சரிவராது. ஓரத்தில் சிவப்பில் நான் எழுதியிருப்பதைப் பார்: இப்பகுதியிலிருந்து ஆய்வு வெளிவரவில்லை, நோய் எவ்வளவு உண்டு என்பது தெரியாது. அவ்வளவு போதும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது வெட்கமில்லை. அதை நான் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வருடம் சொன்னேன், வீட்டில் கடைப்பிடிக்கவில்லை.

இனி, உனக்கு ஏன் முதலில் அனுப்புகிறேன் என்பது. அப்பாவின் ஆண்டுத் திருப்பலிக்கு நீ பங்குனியில் வந்தாய். அந்த வெக்கையில் பத்து நாளும் முழுக்கைச் சட்டை போட்டாய். குளியலறைக் கதவைப் பூட்டி வெகுநேரம் நின்றாய். கடற்கரைக்கு நடந்து போய் வந்தாய், கால் நனைக்கவில்லை. நீ போன பிறகு உன் படுக்கை விரிப்பை எடுத்தேன். அதில் வெள்ளையாகத் தூள் கிடந்தது. முப்பத்துமூன்று வருடம் அதே தூளை உதறிய கை இது. ஆய்வுக்குத்தான் என்று நீ மாசியில் சொன்னது பொய் என்று அப்போது விளங்கியது. அந்தப் பொய்யை யாரிடம் படித்தாய் என்பதும் விளங்கியது. அதைவிட ஒன்று சொல்ல வேண்டும். அந்த விரிப்பை வெளியில் கொண்டுபோய் உதறவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் வைத்து உதறினேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது.

அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். நீ உன் டொக்டரிடம் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லியிருப்பாய். போய் மாற்றிச் சொல். அப்பாவுக்கு இருந்தது, விரல் மூட்டுகளும் வீங்கின என்று சொல். அம்மா பொய் சொன்ன ஆளாய்ப் போய்விடுவா என்று பார்க்காதே. அப்பாவும் மகனுமாய் நீங்கள் அந்த ஒரு காரணத்துக்காகப் பட்டது போதும்.

அப்பாவைப் பற்றி எழுதியதில் ஒரு வரியும் வெட்ட நான் விடமாட்டேன். அது என் பாவம், அதை எங்கே சொல்வது என்று நான் தீர்மானிக்கலாம். பவுடர் பேணி தந்த அந்தப் பெண் இப்போதும் எங்கள் பங்கில்தான் இருக்கிறா, மலர் வாங்குவா, படிப்பா. ஆனால் படுக்கை விரிப்பைப் பற்றிய பந்தி உன்னுடையது. இன்னொரு மனிதரின் தோலைப் பற்றி அவரைக் கேட்காமல் இனி நான் எதையும் எழுதுவதில்லை, மறைப்பதும் இல்லை. மலர்க் குழுவுக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. வேண்டாம் என்றால் எனக்கு ஒரு சொல் எழுது, அந்தப் பந்தியையும் அதன் கீழே இருப்பவற்றையும் நானே கத்தரித்துவிட்டுக் கொடுப்பேன், ஏன் என்று கேட்க மாட்டேன். ஓம், சம்மதம் என்றால் ஓம் என்று எழுது.

அந்தப் பந்தி இந்த மலரில் அச்சாகியிருந்தால், நீ ஓம் என்று எழுதினாய் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் அடுத்த முறை வரும்போது அரைக்கைச் சட்டை கொண்டுவா. காலை வெயில் ஏறுவதற்கு முன் கடலுக்குப் போகலாம். நான் கரையில் கதிரை போட்டு இருப்பேன். உன் துவாயை நான் வைத்திருப்பேன், என் மடியில்.

அம்மா